பத்தாயிரம் டாலர் காசோலை: ‘எ ரெய்சின் இன் த சன்’ காட்டும் அமெரிக்கக் கனவு

கேள்வி சுருக்கமாக இது: “அமெரிக்கக் கனவைத் துரத்தும் ஒரு குடும்பத்தை மேடை நாடகம் எப்படிக் காட்டுகிறது? லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தில் கடைசியில் அவர்கள் சொந்த வீட்டுக்குக் குடிபோகிறார்களே, அப்படியானால் கனவு பலித்துவிட்டது என்றுதானே பொருள்?”

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. கறுப்பினத்தவரான அவர்கள் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறார்கள் என்பது சரி. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர்கள் காலடி வைப்பதை நாடகம் காட்டுவதே இல்லை. சாமான்கள் கீழே இறங்குகின்றன, கதவு மூடுகிறது, திரை விழுகிறது. அடுத்த நாள் அந்த வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் முழுதாக இருக்குமா என்ற கேள்வி 1959-இல் அரங்கில் அமர்ந்திருந்த கறுப்பினப் பார்வையாளர் ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்திருக்கும். அதை மகிழ்ச்சியான முடிவு என்று எழுதிய விமர்சகர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

முன்பாதிக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. இந்த நாடகத்தை அணுக எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. கதாபாத்திரங்கள் கனவைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, காசு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, எப்போது மறைகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹான்ஸ்பெரி கணக்குப்பிள்ளையின் கண்டிப்போடு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு டாலருக்கும் நாடகத்தில் கணக்கு இருக்கிறது.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். நாடகம் 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் எத்தல் பேரிமோர் அரங்கில் தொடங்கியது. பிராட்வே எனப்படும் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஹான்ஸ்பெரி; அப்போது அவருக்கு வயது 28. இயக்கியவர் லாய்ட் ரிச்சர்ட்ஸ், அவரும் கறுப்பினத்தவர். சிட்னி பாய்ட்டியே, ரூபி டீ, கிளாடியா மெக்னீல், டயானா சாண்ட்ஸ் ஆகியோர் நடித்தார்கள். 530 காட்சிகள் ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த அமெரிக்க நாடகத்துக்கான நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருது இதற்குக் கிடைத்தது. தலைப்பு கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது. தள்ளிப்போடப்பட்ட கனவுக்கு என்ன நேரும், வெயிலில் கிடக்கும் திராட்சையைப்போல வற்றிப்போகுமா, அல்லது வெடித்துவிடுமா என்று கேட்கும் கவிதை அது.

இனி வீட்டுக்குள் போவோம். சிகாகோவின் தெற்குப் பகுதி. யங்கர் குடும்பத்தில் ஐந்து பேர்: அறுபதைக் கடந்த தாய் லீனா, 35 வயது மகன் வால்ட்டர் லீ, அவன் மனைவி ரூத், அவர்கள் மகன் டிராவிஸ், வால்ட்டரின் தங்கை பெனீத்தா. டிராவிஸுக்குப் படுக்க அறை கிடையாது. கூடத்துச் சோபாவில்தான் தூங்குகிறான். அப்பா இரவு நண்பர்களைக் கூட்டிவந்து பேசிக்கொண்டிருந்தால் பையனின் தூக்கம் கெடும். குளியலறை வெளியே நடைக்கூடத்தில், பக்கத்து வீட்டாருக்கும் பொது. காலையில் ஒருவர் வெளியே வரும் சத்தம் கேட்டதும் அடுத்தவர் துண்டோடு ஓட வேண்டும். மொத்த வீட்டுக்கும் வெளிச்சம் வருவது ஒரே ஒரு சிறிய சன்னல் வழியாக. மேடைக் குறிப்பில் ஹான்ஸ்பெரி ஒரு நுட்பம் சொல்கிறார்: தரைவிரிப்பு தேய்ந்துபோன இடங்களை மறைக்க மேசையும் நாற்காலியும் நகர்த்திப் போடப்பட்டிருக்கின்றன, ஆனாலும் விரிப்பின் களைப்பு வேறோர் இடத்தில் எட்டிப் பார்த்துவிடுகிறது. சனிக்கிழமை காலை என்றால் கரப்பான் பூச்சி மருந்து அடிக்கும் வேலை. தெருவில் அடித்துக் கொல்லப்பட்ட எலியின் கதையைச் சாகசம்போல வந்து சொல்கிறான் டிராவிஸ்.

லீனாவும் அவர் கணவர் பெரிய வால்ட்டரும் தெற்கு மாநிலங்களைவிட்டு வடக்கே வந்தவர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ அறுபது லட்சம் கறுப்பின மக்கள் அப்படி இடம்பெயர்ந்தார்கள். திருமணமாகி இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது ஓராண்டுக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து மார்கன் பார்க்கில் ஒரு சிறிய வீடு வாங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். எந்த வீடு என்றுகூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஓராண்டு ஒரு வாழ்நாளாக நீண்டுவிட்டது. ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார்கள். பெரிய வால்ட்டர் உழைத்து உழைத்தே செத்தார்.

நாடகத்தின் முதல் பணப் பரிமாற்றம் ஐம்பது சென்ட். பள்ளிக்கு ஐம்பது சென்ட் கொண்டுபோக வேண்டும் என்று டிராவிஸ் கேட்கிறான். இல்லை என்கிறாள் ரூத். இதைக் கேட்ட வால்ட்டருக்குக் கோபம் வருகிறது. பையனிடம் போய் இல்லை என்று சொல்வதா? மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே பையில் கைவிட்டு ஐம்பது சென்ட் எடுத்துக் கொடுக்கிறான். அதோடு நிறுத்தவில்லை. பழம் வாங்கிச் சாப்பிடு, இல்லையென்றால் டாக்சியில் போ என்று சொல்லி இன்னோர் ஐம்பது சென்டும் தருகிறான். பையன் அப்பாவை அண்ணாந்து பார்க்கிறான். சற்று நேரம் கழித்து வேலைக்குக் கிளம்பிய வால்ட்டர் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறான். பஸ்ஸுக்குக் காசில்லை. ரூத்திடமே வாங்கிக்கொண்டு போகிறான்.

கூட்டம் இந்த இடத்தில் சிரிக்கும். சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வால்ட்டர் பின்னால் செய்யப்போகும் பெரிய தவற்றின் சிறிய வடிவம் இது. தன் பிள்ளை முன்னால் இல்லாதவனாக நிற்க அவனால் முடியாது. அதற்காக இருப்பதையும் கொடுத்துவிடுவான்.

அடுத்தது காசோலை. பெரிய வால்ட்டரின் ஆயுள் காப்பீட்டுத் தொகை, பத்தாயிரம் டாலர். நாடகம் மேடையேறிய காலத்தில் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வருமானம் அது. காசோலை வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் அதைப் பற்றித்தான் பேச்சு. வந்த பிறகு லீனா அதைப் பிரித்துப் பார்க்கிறார், முகம் இருண்டுபோகிறது. ஒரு மனிதரின் உயிருக்கு ஈடாக வந்த காகிதம் அது.

இங்கே இன்னொரு நாடகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பத்து ஆண்டுகளுக்கு முன், 1949-இல் வந்தது. அங்கே வில்லி லோமன் என்ற வெள்ளையர் காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்று தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன் என்று அவர் கல்லறை முன் மனைவி சொல்வதோடு நாடகம் முடிகிறது. மில்லரின் நாடகம் எங்கே முடிகிறதோ அங்கே ஹான்ஸ்பெரியின் நாடகம் தொடங்குகிறது என்று சொல்லலாம். தந்தை இறந்தாகிவிட்டது, பணம் வருகிறது, இனி என்ன? வில்லியையும் வால்ட்டரையும் ஒப்பிட்டு ஹான்ஸ்பெரியே 1959-இல் ஒரு கட்டுரை எழுதினார். லோமன் குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறது, அங்கே குடியிருக்கக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கனவு அவர்களை ஏமாற்றியது. யங்கர் குடும்பத்தைக் கனவு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

பணம் ஒன்று, ஆசைகள் பல. வால்ட்டர் ஒரு வெள்ளைக்காரப் பணக்காரரிடம் கார் ஓட்டுகிறான். நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடி, ஆமாம் ஐயா, இல்லை ஐயா என்று சொல்வது ஒரு வேலையா என்பது அவன் புலம்பல். வில்லி ஹாரிஸ், போபோ என்ற இரு நண்பர்களோடு சேர்ந்து மதுக்கடை வைக்கத் திட்டம் போடுகிறான். கடை எழுபத்தையாயிரம் டாலர் பெறும், முதலீடு முப்பதாயிரம், ஆளுக்குப் பத்து. உரிமம் சீக்கிரம் கிடைக்க அதிகாரிகளுக்குக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு. இதையெல்லாம் காலையில் மனைவியிடம் ஆவேசமாகச் சொன்னால், முட்டையைச் சாப்பிடு, ஆறிப்போகிறது என்கிறாள் அவள். உலகத்தையே கையில் பிடிக்க வேண்டும் என்று ஆண் சொன்னால், பெண் முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ என்கிறாள் என்று வெடிக்கிறான். ரூத் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அவளும் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போக வேண்டும், நேரமாகிவிட்டது.

வால்ட்டரைப் பேராசைக்காரன் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பாடக் குறிப்புகள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘அமெரிக்கக் கனவு’ என்ற சொற்றொடரை 1931-இல் பரவலாக்கிய ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், அது மோட்டார் காரையும் உயர்ந்த சம்பளத்தையும் மட்டும் பற்றிய கனவு அல்ல, ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப வளர இடம் தரும் சமூகத்தைப் பற்றிய கனவு என்று விளக்கினார். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்க்கும் ஒருவனுக்கு எது தெரியும்? மோட்டார் கார்தான் தெரியும். வால்ட்டர் தன் நாட்டைக் கூர்ந்து கவனித்து, அது சொல்லிக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டவன். முதலில் சுதந்திரம்தான் வாழ்க்கையாக இருந்தது, இப்போது பணம் வாழ்க்கையாகிவிட்டது என்று தாய் வருந்தும்போது, எப்போதுமே பணம்தான் அம்மா, நமக்குத்தான் அது தெரியாமல் இருந்தது என்கிறான். இல்லை, ஏதோ மாறிவிட்டது என்கிறார் லீனா. ஆனால் நாடகத்தில் நேரடிப் பதில் இல்லை.

ஒரு காட்சியில் இரவில் மகனை அருகே உட்காரவைத்து ஏழு ஆண்டுகள் கழித்து எப்படி வாழப்போகிறோம் என்று வருணிக்கிறான் வால்ட்டர். அலுவலகத்திலிருந்து களைத்து வருவேன், கறுப்பு நிறக் கிரைஸ்லர் கார், ஆடம்பரம் இல்லாமல் கண்ணியமாக இருக்கும். உன் அம்மாவுக்குக் கடைத்தெரு போய்வரக் காடிலாக் வாங்கலாம். தோட்டக்காரன் வேலி வெட்டிக்கொண்டிருப்பான், மாலை வணக்கம் மிஸ்டர் யங்கர் என்பான், நான் ‘ஹலோ ஜெஃபர்சன், எப்படி இருக்கிறாய்’ என்பேன். இந்தக் கனவில் ஒரு முதலாளி இருக்கிறார், ஒரு வேலைக்காரர் இருக்கிறார். இடம் மட்டும் மாறியிருக்கிறது. தன் முதலாளியின் வாழ்க்கையைத்தான் அவன் வரி தவறாமல் ஒப்பிக்கிறான். அந்தத் தோட்டக்காரருக்கு அமெரிக்காவின் நிறுவனர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார் ஹான்ஸ்பெரி. அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சன் இங்கே யங்கர் வீட்டு வேலியை வெட்டுகிறார். தற்செயலாக வைத்த பெயர் என்று நான் நம்பவில்லை.

பெனீத்தாவுக்கு மருத்துவராக வேண்டும். சிறுவயதில் பனியில் சறுக்கி விழுந்து முகம் பிளந்த ஒரு பையனை மருத்துவர்கள் தைத்துச் சரிசெய்ததைப் பார்த்த நாளிலிருந்து வந்த ஆசை. அவள் குதிரையேற்றத்துக்கு ஐம்பத்தைந்து டாலருக்கு உடை வாங்கி அலமாரியில் தொங்கவிட்டவள், இப்போது கிடாரில் இறங்கியிருக்கிறாள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நைஜீரிய மாணவன் அசாகாய் அவளுக்கு யொரூபா உடை கொண்டுவருகிறான். பணக்கார வீட்டு ஜார்ஜ் மர்ச்சிசன் அவளைப் பார்த்து முகம் சுளிக்கிறான். அவள் தலைமுடியை இயற்கையாக விடும் காட்சி 1959 மேடையில் இடம்பெறவில்லை. டயானா சாண்ட்ஸின் முடிவெட்டு சரியாக அமையாததால் நீக்கினார்கள் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கத் தெருக்களில் பரவலான ஒன்றை ஹான்ஸ்பெரி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

ரூத்தைப் பற்றி விமர்சகர்கள் குறைவாகவே எழுதுகிறார்கள். எனக்கு நாடகத்தின் நடுநரம்பு அவள்தான். அவள் கருவுற்றிருக்கிறாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து பேசும்போது வாய்தவறி ‘அவள் சொன்னாள்’ என்கிறாள். ‘அவளா’? எந்த மருத்துவரிடம் போனாய் என்று மாமியார் உடனே சந்தேகத்தோடு கேட்கிறார். கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலம். ஐந்து டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன் என்று பிறகு ரூத்தே ஒப்புக்கொள்கிறாள். லீனா மகனைப் பார்க்கிறார்: ஏதாவது சொல், உன் அப்பாவின் மகனாகப் பேசு என்கிறார். வால்ட்டர் பதில் பேசாமல் வெளியேறுகிறான்.

லீனா வீடு வாங்கப் போவது இதன் பிறகுதான். இந்த வரிசையைத் தவறவிட்டால் நாடகமே தவறிப்போகும். வசதிக்காகவோ அந்தஸ்துக்காகவோ அவர் வீடு வாங்கவில்லை. இடமில்லாத வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு இடமில்லை என்று மருமகள் முடிவெடுத்ததைப் பார்த்தார். குடும்பம் கண்முன்னே உடைவதைப் பார்த்தார். போய் மூவாயிரத்து ஐந்நூறு டாலர் முன்பணம் கட்டிவிட்டு வந்தார். ஒரு முன்பணத்தை இன்னொரு முன்பணத்தால் அடித்தார்.

வீடு இருப்பது கிளைபோர்ன் பார்க்கில், வெள்ளையர் பகுதியில். ஏன் அங்கே? லீனாவுக்கு இன ஒருமைப்பாட்டுக் கொள்கை எதுவும் இல்லை. கறுப்பினத்தவருக்கென்று தொலைவில் கட்டும் வீடுகளுக்கு இருமடங்கு விலை சொல்கிறார்கள், கொடுக்கும் காசுக்கு நல்ல வீடாக இது கிடைத்தது என்கிறார். சந்தையில் காய்கறி விலை கேட்கும் தொனியில் சொல்லப்படும் இந்த ஒரு வரிக்குள் அன்றைய சிகாகோவின் வீட்டு வணிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கறுப்பினத்தவர் குடியிருக்கக்கூடிய பரப்பு குறுகியது, வருவோர் எண்ணிக்கையோ பெருகியது. வாடகை ஏறியது. ஆறேழு அறை வீடுகளை ஓரறைத் துண்டுகளாக வெட்டி, மூலையில் ஓர் அடுப்பைப் பொருத்தி, ‘கிச்சனெட்’ என்று பெயரிட்டு வாடகைக்கு விட்டார்கள். கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதமும் கறுப்பினப் பகுதிகளை ஆபத்தானவை என்று குறித்து ஒதுக்கியது.

தனது கடையைத் தாய் கொன்றுவிட்டார் என்று வால்ட்டர் நொறுங்குகிறான். மூன்று நாள் வேலைக்கே போகவில்லை. நண்பனின் காரை எடுத்துக்கொண்டு ஒருநாள் எஃகு ஆலைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், மறுநாள் விஸ்கான்சின் வரை போய்ப் பண்ணைகளைப் பார்க்கிறான், மூன்றாம் நாள் வெறுமனே நடக்கிறான். மாலையில் மதுவிடுதியில் சாக்ஸபோன் கேட்கிறான். மகனின் நிலை தாயை அசைக்கிறது. மீதமிருந்த ஆறாயிரத்து ஐந்நூறை அவன் முன் வைக்கிறார். மூவாயிரம் பெனீத்தாவின் மருத்துவப் படிப்புக்கு வங்கியில் போடு, மீதி உன் பெயரில், இனி குடும்பத் தலைவன் நீதான் என்கிறார்.

வால்ட்டர் வங்கிக்குப் போகவில்லை. முழுத் தொகையையும் வில்லி ஹாரிஸிடம் கொடுத்துவிட்டான். வில்லி ஓடிவிட்டான். குடிபோகும் நாளில், மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே, தன் சேமிப்பையும் இழந்த போபோ வந்து செய்தியைச் சொல்கிறான். அந்தப் பணம் என் அப்பாவின் சதையால் ஆனது என்று வால்ட்டர் அலறுகிறான். பிறகு அசாகாய் வருகிறான். நல்லதோ கெட்டதோ, எல்லாக் கனவுகளும் ஒரு மனிதனின் சாவை நம்பியிருக்க வேண்டிய வீட்டில் ஏதோ கோளாறு இல்லையா என்று பெனீத்தாவிடம் கேட்கிறான். அசாகாயின் பேச்சுகள் சில இடங்களில் சொற்பொழிவாக நீள்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு கேள்விக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

போபோ வருவதற்குச் சற்று முன்புதான் கார்ல் லிண்ட்னர் வந்துபோயிருப்பார். நாடகத்தில் வரும் ஒரே முக்கியமான வெள்ளையர் பாத்திரம். கிளைபோர்ன் பார்க் மேம்பாட்டுச் சங்கத்தின் வரவேற்புக் குழு. கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலின் முகமூடி இல்லை, எரியும் சிலுவை இல்லை. தொப்பியும் கைப்பெட்டியுமாக, தயங்கித் தயங்கி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலப் பேசுகிறார். எங்கள் மக்கள் பணக்காரர்கள் அல்ல, உழைப்பாளிகள், சிறிய வீடும் பிள்ளைகளை எப்படிப்பட்ட சூழலில் வளர்க்க வேண்டும் என்ற கனவும்தான் அவர்களிடம் இருக்கின்றன என்கிறார். கனவு! அதே கனவைத்தான் அவரும் பேசுகிறார். இதில் இனவெறுப்பு எதுவும் இல்லை, நீங்கள் உங்கள் மக்களோடு இருந்தால்தான் மகிழ்ச்சியாக இருப்பீர்கள், வீட்டை நல்ல லாபத்துக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம். ஒருவர் கனவு இன்னொருவரை வெளியே நிறுத்தி வைப்பதால் மட்டுமே நிலைக்கிறது என்பதை ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் காட்டிவிட முடிகிறது இந்தக் காட்சியில்.

லிண்ட்னரை ஹான்ஸ்பெரி கற்பனையில் உருவாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் சிறுமியாக இருந்த 1937-இல் அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவின் வெள்ளையர் பகுதி ஒன்றில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று அந்தப் பகுதி உரிமையாளர்கள் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். கும்பல் வீட்டைச் சூழ்ந்தது, கல்லெறிந்தது. தாய் இரவெல்லாம் ஜெர்மன் துப்பாக்கி ஒன்றில் குண்டு நிரப்பிக்கொண்டு வீட்டைக் காவல் காத்ததைப் பின்னாளில் லொரெய்ன் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்ப்பானது. ஆனால் நடைமுறைக் காரணத்தால்தான் வென்றார். முன்பு நடந்த வேறொரு வழக்கின் முடிவு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. கார்ல் அதைப் பார்க்கவில்லை. அமெரிக்காவே வேண்டாம் என்று மெக்சிகோவில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது 1946-இல் அங்கேயே இறந்தார். 1948 தீர்ப்புக்குப் பிறகும் கும்பல்கள் ஓயவில்லை. 1951-இல் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததற்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டு அந்தக் கட்டடத்தையே சூறையாடினார்கள். தேசியக் காவல்படை வர வேண்டியிருந்தது.

ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டு வணிகர். வீடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி வாடகைக்கு விட்டே பொருள் சேர்த்தார். ‘கிச்சனெட் ராஜா’ என்று அவருக்குப் பெயர். யங்கர் குடும்பம் மூச்சுத் திணறும் அந்த மாதிரி வீடுகளின் வாடகையில் வளர்ந்தவர்தான் லொரெய்ன். இது தெரிந்த பிறகு அந்தத் தேய்ந்த தரைவிரிப்பு வருணனையைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

பணம் போனபின் லிண்ட்னரை வால்ட்டர் தானே தொலைபேசியில் கூப்பிடுகிறான். வீட்டை அவர்களுக்கே விற்றுவிடுவது என்று முடிவு. அவர் முன் எப்படி மண்டியிடுவேன், எப்படிக் கெஞ்சுவேன் என்று குடும்பத்தார் எதிரிலேயே நடித்துக் காட்டுகிறான். பார்க்கக் கூசும் காட்சி. ஐந்து தலைமுறையாக அடிமைகளாகவும் குத்தகைக் கூலிகளாகவும் இருந்த குடும்பம் எங்களுடையது, ஆனால் நீ மண்ணில் நடக்கத் தகுதியற்றவன் என்று சொல்லும் பணத்தை எவரும் கைநீட்டி வாங்கியதில்லை என்கிறார் லீனா. லிண்ட்னர் வருகிறார். டிராவிஸைக் கீழே அனுப்பப் பார்க்கிறாள் ரூத். லீனா தடுக்கிறார்: அவன் இங்கேயே இருக்கட்டும், உன் பிள்ளைக்குப் புரியும்படி நீ செய்வதைச் செய்.

ஐம்பது சென்ட் காட்சியில் பார்த்த வால்ட்டரேதான் இவனும். மகன் முன்னால் சிறுமைப்பட முடியாதவன். வாய் குழறுகிறது. நாங்கள் சாதாரண மனிதர்கள், நான் கார் ஓட்டுகிறேன், என் மனைவி வீட்டு வேலை செய்கிறாள், என் அப்பா வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை செய்தார் என்று தொடங்குகிறான். என் தங்கை மருத்துவராகப் போகிறாள் என்கிறான், அதற்கான பணத்தைத் தொலைத்தவனே அவன்தான். இவன் என் மகன், இந்த நாட்டில் எங்கள் ஆறாவது தலைமுறை. அந்த வீட்டை என் அப்பா செங்கல் செங்கலாகச் சம்பாதித்தார், நாங்கள் குடிவருகிறோம், உங்கள் பணம் வேண்டாம்.

உணர்ச்சிகரமான இந்த இடத்தில் மறந்துவிடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு முன்பணம்தான் கட்டியிருக்கிறது. மாதத் தவணை யார் கட்டுவது? ரூத் முன்பே சொல்லிவிட்டாள்: பிறக்கப்போகும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அமெரிக்காவின் எல்லாத் தரைகளையும் துடைக்கிறேன், எல்லாப் படுக்கை விரிப்புகளையும் துவைக்கிறேன், ஆனால் நாம் போயே ஆக வேண்டும். பத்தாயிரத்தில் மிஞ்சியது ஒரு வீட்டின் முன்பணமும் நான்கு பெரியவர்களின் உழைப்பும் மட்டுமே. மதுக்கடை போயிற்று. மருத்துவப் படிப்பு அந்தரத்தில் நிற்கிறது. வாசலில் லிண்ட்னரின் ஆட்கள் காத்திருக்கக்கூடும். நீங்கள் எதில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துதான் இறங்குகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் போகிறார்.

அன்றைய வெள்ளையர் விமர்சனம் இது கறுப்பினத்தவர் நாடகமே அல்ல, எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று பாராட்டியது. ஹான்ஸ்பெரி இதை ஏற்கவில்லை. சிகாகோ தெற்குப் பகுதியின் ஒரு குறிப்பிட்ட கறுப்பினக் குடும்பத்தை மிகத் துல்லியமாக எழுதினால்தான் அது எல்லோருக்கும் பொதுவாகும் என்பது அவர் நிலைப்பாடு. அறுபதுகளின் தீவிரக் கறுப்பினக் கலைஞர்கள் மறுபக்கமிருந்து தாக்கினார்கள்: வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குவது நடுத்தர வர்க்க ஆசை, இதில் என்ன புரட்சி? அப்படிச் சொன்னவர்களில் ஒருவரான கவிஞர் அமிரி பராக்கா எண்பதுகளில் தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டு, பெரும்பான்மைக் கறுப்பின மக்களின் போராட்டத்தின் மையத்தில் இருந்தது இந்த நாடகம்தான் என்று எழுதினார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. பிராட்வேக்கு வருமுன்பே ஆள் அனுப்பி நாடகத்தைப் பார்த்து, கம்யூனிசம் இருக்கிறதா என்று அறிக்கை எழுத வைத்தது. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோ, ஓர் அரங்கில் அவ்வளவு கறுப்பின மக்களைத் தன் வாழ்நாளில் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்று பதிவு செய்தார். ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார், 34 வயது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது.

படிக்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. பழைய பதிப்புகளில் பக்கத்து வீட்டு மிஸஸ் ஜான்சன் வரும் காட்சி இருக்காது. முதல் தயாரிப்பில் நேரம் கருதி வெட்டியது அது. வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் குண்டு வைத்த செய்தி வந்த நாளிதழை ஏந்திக்கொண்டு அந்த அம்மாள் வந்து வாயெல்லாம் பல்லாகப் பேசுவார். சிரிப்பும் திகிலும் ஒன்றாகக் கலந்த காட்சி. அது இருக்கும் பதிப்பையே தேடி வாங்குங்கள். அந்தக் காட்சியைப் படித்தவர் யாரும் இது மகிழ்ச்சியான முடிவா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 1961-இல் வந்த திரைப்படத்தில் பாய்ட்டியேயும் மேடையில் நடித்த பெரும்பாலோரும் இருக்கிறார்கள், நடிப்புக்காகப் பார்க்கலாம். புரூஸ் நோரிஸின் ‘கிளைபோர்ன் பார்க்’ நாடகத்தையும் தொடர்ந்து படிக்கலாம். 2011-இல் புலிட்சர் பரிசு பெற்ற அது, லீனா வாங்கிய அதே வீட்டுக்குள், விற்கும் வெள்ளையர் பக்கமிருந்து தொடங்கி, ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவுக்கே வெள்ளையர்கள் திரும்பி வாங்க வரும் நாள் வரை போகிறது.